எல்லா வகை இசைக்கும் பொருந்தும் ஐந்து தந்தி பேஸ் கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு தந்தி பேஸிலிருந்து ஐந்து தந்திக்கு மாற நினைப்பவர்கள் பல வருடங்களாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே கருவியை வைத்துக்கொண்டு இன்று ராக், நாளை ஜாஸ், மறுநாள் ஒலிப்பதிவு என்று போகவேண்டியவர்களை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஐந்தாவது தந்தி எதற்கு? நான்கு தந்தி போதாதா?

பெரும்பாலான பாடல்களுக்கு நான்கு தந்தியே போதும். ஐந்தாவதாக வரும் பி தந்தி, நான்கு தந்தியில் மிகத் தாழ்ந்ததான ஈ தந்திக்குக் கீழே மிகச் சரியாக ஐந்து சுரங்களைத்தான் கூட்டுகிறது: ஈ ஃபிளாட், டி, சி ஷார்ப், சி, பி. ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். பி தந்தியின் திறந்த சுரம் ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். 1980களில் சிந்தசைசரில் வாசித்த பேஸ் வரிகள் ஈ-க்குக் கீழே தாராளமாக இறங்கத் தொடங்கியபின், கிட்டார் பேஸ் வாசிப்பவர்களுக்கும் அந்தச் சுரங்கள் தேவைப்பட்டன.

ஆனால் நாள்தோறும் கிடைக்கும் பெரிய பயன், கீழ்ச் சுரங்களைவிடக் கை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பி தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஈ இருப்பதால், ஐந்தாவது ஃபிரெட்டுக்கு அருகில் கையை நிறுத்திக்கொண்டே ஈ, எஃப், ஜி எல்லாவற்றையும் எட்டலாம். முதல் ஃபிரெட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பவேண்டியதில்லை. பாடகர் கடைசி நேரத்தில் சுருதியை அரைச் சுரம் இறக்கச் சொன்னாலும், பழகிய விரல் அமைப்பை அப்படியே ஒரு ஃபிரெட் கீழே நகர்த்தினால் போதும்.

ஐந்தாவது தந்தியை மேலே, சி-யாகப் போடுபவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1965-இல் வெளியிட்ட ‘பேஸ் ஃபைவ்’ என்ற ஐந்து தந்தி மாதிரியிலேயே கூடுதல் தந்தி மேல் சி-தான். ஃபிரெட்டுகளும் பதினைந்து மட்டுமே. தனி வாசிப்பும் கார்டுகளும் உங்கள் வாசிப்பின் மையமாக இருந்தால் அந்த அமைப்பு பொருத்தமானது. குழுவில் பலவகைப் பாடல்களுக்கு அடித்தளம் போடவேண்டியவருக்குக் கீழ் பி-தான் உதவும். இந்தப் பக்கம் முழுவதும் அந்த அமைப்பைப் பற்றியே பேசுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் பேஸ் என்றால் நிறைய குமிழ்களும் சுவிட்சுகளும் இருப்பதுதானே?

இந்த எண்ணம்தான் பலரைத் தவறான கருவிக்கு அழைத்துச் செல்கிறது. ஐந்து தந்திகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல ஒலிக்கவேண்டும். பி தந்தியிலிருந்து ஈ-க்குப் போகும்போது கருவியே மாறிவிட்டதுபோலத் தோன்றக்கூடாது. அது அமைந்துவிட்டால் இரண்டு குமிழ் கொண்ட பேஸும் பத்து வகை இசைக்கு ஈடுகொடுக்கும். அது அமையாத பேஸில் எத்தனை சுவிட்சுகள் இருந்தாலும், பி தந்திப் பக்கம் போகவே கை தயங்கும். அப்போது உங்களிடம் இருப்பது அகலமான கழுத்துடைய நான்கு தந்தி பேஸ்தான்.

எனவே என் வரிசை இது: முதலில் பி தந்தியின் தெளிவு, அடுத்து உங்கள் கைக்கு ஏற்ற தந்தி இடைவெளி, அதன்பின் தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்பின் அமைப்பு, கடைசியில்தான் மின்னணுப் பகுதி.

கடையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். பி தந்தி நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆம்ப்பில் இணைக்காமலேயே தொடங்குங்கள். பேஸ் உடலின் மேல்பக்கம் நீளும் கொம்பில் காதை ஒட்டிவைத்து, பி தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் ஈ-யை மீட்டுங்கள். உடனே திறந்த ஈ தந்தியை அதே அழுத்தத்தில் மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரம். தடித்த தந்தி சற்று உருண்டையாக ஒலிப்பது இயல்பு. ஆனால் சுரத்தின் தொடக்கம் மங்கி, ‘தொம்’ என்று விழுந்து, சுருதி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் ஃபிரெட்டின் சி-யிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை ஒவ்வொரு சுரத்தையும் நான்கு எண்ணும்வரை நீட்டிப் பாருங்கள். எந்தச் சுரம் கார்வையில்லாமல் சட்டென்று அடங்குகிறது என்று இடது உள்ளங்கையே சொல்லும். அந்த இடத்தில் கழுத்தின் அதிர்வு திடீரென்று மாறுவதை உணரமுடியும்.

அடுத்து, நன்றாகப் பழகிய ஒரு வரியை ஏ தந்தியில் வாசித்து, அதே விரல் அமைப்போடு ஈ தந்திக்கும் பி தந்திக்கும் நகர்த்துங்கள். வரியின் தாளம் பி தந்தியிலும் கேட்கவேண்டும். கடைசியாக ஜி தந்தியின் ஐந்து முதல் ஏழு வரையான ஃபிரெட்டுகளையும் சோதியுங்கள். போல்ட் வைத்த கழுத்துள்ள பேஸ்களில் கார்வை குன்றிய இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இத்தனைக்கும் ஏழெட்டு நிமிடம் போதும்; மீதி நேரத்தில் ஆம்ப்பில் கேளுங்கள்.

34 அங்குல ஸ்கேல் நல்லதா, 35 அங்குலமா? 35 இல்லாவிட்டால் பி தந்தி தொளதொளவென்று இருக்குமாமே?

ஸ்கேல் என்பது தந்தி அதிரும் நீளம்: தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து, உடல்மேல் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வரை. அதே தந்தியை அதே சுருதியில் கட்டும்போது இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 34-இலிருந்து 35 அங்குலத்துக்குப் போனால் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும். அது கைக்குத் தெரியும் வேறுபாடுதான்; ஆனால் 34 அங்குலத்தில் 0.125 அங்குலத் தடிமனுள்ள தந்திக்குப் பதிலாக 0.130 அல்லது 0.135 போட்டாலும் அதே இறுக்கத்தைப் பெறலாம். கழுத்தும் உடலும் சேரும் இடம் இறுக்கமாக இருப்பது, நட்டின் வெட்டு தந்திக்குச் சரியாகப் பொருந்துவது, கழுத்து விறைப்பாக இருப்பது ஆகியவை அந்த ஓர் அங்குலத்துக்குக் குறைந்தவை அல்ல. மிகத் தெளிவான பி கொண்ட 34 அங்குல பேஸ்களை நான் வாசித்திருக்கிறேன். மந்தமான 35 அங்குலத்தையும் வாசித்திருக்கிறேன்.

35 அங்குலத்தின் விலையைக் கைதான் கொடுக்கும். நட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரையான தூரம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கூடுகிறது. சிலருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மூன்று மணிநேரம் வாசிப்பவரின் மணிக்கட்டுக்கு அது பொருட்டுதான். பல ஸ்கேல் பேஸ்கள், அதாவது ஃபிரெட்டுகள் விசிறிபோல விரிந்தவை, இந்தச் சிக்கலுக்கு நேரான விடை: டிங்வால் நிறுவனத்தின் ஐந்து தந்தி மாதிரிகள் சிலவற்றில் பி தந்தி 37 அங்குலமும் ஜி தந்தி 34 அங்குலமும் இருக்கும். சாய்ந்த ஃபிரெட்டுகள் பார்வைக்கு அச்சமூட்டினாலும் கை விரைவில் பழகிவிடும். ஆனால் அவற்றுக்குப் போதிய நீளமுள்ள தந்திகளைத் தேடி வாங்கவேண்டியிருக்கும்.

தந்தி இடைவெளி 16.5 என்கிறார்கள், 19 என்கிறார்கள். இரண்டரை மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும்?

இது பிரிட்ஜில் அடுத்தடுத்த தந்திகளின் நடுப்பகுதிகளுக்கு இடையே உள்ள தூரம். ஐந்து தந்திகளுக்கு இடையே நான்கு இடைவெளிகள் இருப்பதால், இரண்டரை மில்லிமீட்டர் மொத்தத்தில் 10 மில்லிமீட்டராகிவிடும். நான்கு தந்தி பேஸில் பழகிய கைக்கு 19 மில்லிமீட்டர் வீட்டுக்கு வந்ததுபோல இருக்கும். தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் இழுத்துவிட்டும் வாசிக்கும் ஸ்லாப் முறையில் விரல் தந்திக்கு அடியில் எளிதாக நுழையும். ஆனால் கழுத்து அகலமாகிவிடும். ஐபனெஸ் எஸ்ஆர் வரிசை ஐந்து தந்தி பேஸ்களில் வழக்கமாகக் காணும் 16.5 மில்லிமீட்டரில், விரலால் வேகமாக வாசிப்பதும் தந்தியைத் தாண்டுவதும் எளிது. ஸ்லாப் வாசிக்கக் கட்டைவிரலுக்குக் கூடுதல் துல்லியம் தேவைப்படும். மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஃபைவ் 17.5 மில்லிமீட்டரில் நடுவழியை எடுத்துக்கொண்டது.

எந்த வகை வாசிப்பு வந்தாலும் தயாராக இருக்க விரும்புபவருக்கு 17.5 முதல் 18 வரையான இடைவெளியையே நான் முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஸ்லாப் உங்கள் வாசிப்பில் பாதிக்குமேல் இருந்தால் மட்டும் 19-க்குப் போங்கள்.

என் கை சிறியது. ஐந்து தந்தி எனக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். கையின் அளவைவிடக் கழுத்தின் பின்புற வடிவமும், பேஸ் தோளில் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதும் முக்கியம். மெல்லிய கழுத்தும் குறுகிய இடைவெளியும் கொண்ட 34 அங்குல பேஸை மார்புக்குச் சற்றுக் கீழே வருமாறு தொங்கவிட்டால், பி தந்தியை அழுத்த மணிக்கட்டை மடக்கவேண்டியிருக்காது.

எந்தப் பிக்கப் அமைப்பு அதிக வகை இசைக்கு உதவும்?

இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள் கொண்ட ஜாஸ் பேஸ் அமைப்பு 1960-இல் வந்தது. இன்றும் பலவகை இசைக்கு நம்பிக்கையான தேர்வு அதுதான். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடு ஒலிகள் சற்றுக் குழிந்து ஸ்லாப்புக்கு ஏற்ற பளபளப்பு வரும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்தால் விரல் வாசிப்பு எழுத்து எழுத்தாகக் கேட்கும். குறை ஒன்றுதான்: ஏதாவது ஒன்றைக் குறைத்த உடனே இரைச்சல் வரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருந்தால் சம அளவில் வைக்கும்போது மட்டுமே இரைச்சல் அழிந்துபோகும். அடிக்கடி ஒலிப்பதிவுக்குச் செல்பவர் இரைச்சல் நீக்கும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பிரிசிஷன் பேஸின் பிளந்த சுருள் பிக்கப்புடன் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜாஸ் பிக்கப்பைச் சேர்த்த அமைப்பு, கிட்டார்கள் நெருக்கியடிக்கும் குழுவில் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. ஐந்து தந்தியில் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கமான அமைப்பில் தடித்த தந்திகளுக்கான பாதி கழுத்துப் பக்கம் இருப்பதால் பி சற்று உருண்டையாகிவிடும். பாதிகளை இடம் மாற்றிய மாதிரிகளில் பி இறுக்கமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். கழுத்துப் பக்கம் ஜாஸ் பிக்கப்பும் பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருளும் கொண்டு, இரட்டைச் சுருளை ஒற்றையாக்கும் சுவிட்சும் உள்ள அமைப்பை லேக்லேண்ட் நிறுவனத்தின் 55-94 மாதிரி பரவலாக அறியச்செய்தது. ஒரே ஒரு பேஸோடு எங்கும் செல்பவருக்கு என் முதல் பரிந்துரை இந்த அமைப்புதான். பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அமைப்பைப் பாருங்கள்.

ஆக்டிவ் வாங்கலாமா, பாசிவ் போதுமா?

பேட்டரியில் இயங்கும் பிரீஆம்ப் உள்ள ஆக்டிவ் பேஸில், மேடையிலேயே கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். தெரியாத ஆம்ப்கள் முன்னே நிற்கும்போது அது பெரிய துணை. நடு ஒலிக்குத் தனிக் குமிழ் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பி தந்தி குழுவில் கேட்பதும் கேட்காமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது. ஆனால் பாசிவுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 9 வோல்ட் பேட்டரி பாட்டின் நடுவில் தீர்ந்துபோனால், அந்தச் சுவிட்ச் இல்லாத பேஸ் முதலில் கரகரத்துப் பின் ஊமையாகிவிடும். வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும்.

கடையில் சோதிக்கும்போது பாசிவில் வைத்தே பி தந்தியைக் கேளுங்கள். பிரீஆம்ப்பில் கீழ் ஒலியைத் தூக்கிவைத்தால் எந்த பி தந்தியும் சில நிமிடங்களுக்குப் பிரமாதமாகத்தான் இருக்கும்.

என்ன மரம், போல்ட் வைத்ததா, கழுத்து உடலின் ஊடாகச் செல்வதா என்றெல்லாம் பார்க்கவேண்டுமா?

எடையையும் நிலைத்தன்மையையும் பொறுத்தவரை பார்க்கலாம். கழுத்து பல துண்டு மரங்களை ஒட்டிச் செய்யப்பட்டிருந்தாலோ உள்ளே கார்பன் தண்டு வைக்கப்பட்டிருந்தாலோ, ஐந்து தந்திகளின் இழுவிசையையும் ஈரப்பத மாற்றங்களையும் நன்றாகத் தாங்கும். போல்ட் வைத்த கழுத்தில் சுரத்தின் தொடக்கம் பொதுவாகக் கூர்மையாகவும், ஊடாகச் செல்லும் கழுத்தில் கார்வை நீண்டும் இருப்பதாக வாசிப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு மாதிரிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது.

எடை எவ்வளவு இருக்கலாம்?

4 முதல் 4.5 கிலோ வரை இருந்தால் நீண்ட நிகழ்ச்சிக்கும் தாங்கும். 5 கிலோவைத் தாண்டினால் தோள் சொல்லிவிடும். எடையைவிடச் சமநிலைதான் முக்கியம். பட்டையில் மாட்டி நின்றுகொண்டு இரண்டு கைகளையும் விட்டுப் பாருங்கள். ஐந்து சுருதி முடுக்கிகள் இருப்பதால் தலைப்பகுதி கனத்து, கழுத்து கீழே சாய்ந்தால் அதை ஒவ்வொரு நிமிடமும் உங்கள் இடது கைதான் தூக்கிப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட பேஸ் ஒலியில் எத்தனை நன்றாக இருந்தாலும் நான் எடுக்கமாட்டேன்.

வீட்டு ஆம்ப்பில் பி தந்தி வெறுமனே உறுமுகிறது. பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு. முதலில், 31 ஹெர்ட்ஸை முழு வலுவோடு வெளியிடும் பேஸ் ஸ்பீக்கர்கள் மிகக் குறைவு. பலவும் 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். நாம் பி என்று அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மேற்சுரங்களான 62, 93 ஹெர்ட்ஸ் போன்றவற்றிலிருந்துதான். அடிப்படைச் சுரம் மெலிந்திருந்தாலும் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் கீழ் ஒலிக் குமிழைத் திருகத் திருக ஸ்பீக்கர் திணறுமே தவிரச் சுரம் தெளிவாகாது. கீழ் ஒலியைச் சற்றுக் குறைத்து, நடு ஒலியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். ஆம்ப்பைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்துவதும் உதவும்.

என் நான்கு தந்தி பேஸிலேயே பி, ஈ, ஏ, டி என்று தந்தி கட்டினால் போதாதா?

கீழ்ச் சுரங்கள் மட்டுமே தேவையென்றால் போதும், சிக்கனமான வழியும்கூட. நட்டின் வெட்டுகளை அகலப்படுத்தவேண்டும், இழுவிசை மாறுவதால் கழுத்தின் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராடைச் சரிசெய்யவேண்டும், பிரிட்ஜில் இன்டோனேஷனை, அதாவது எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக வரும்படி தந்தியின் நீளத்தை, புதிதாக வைக்கவேண்டும். வெட்டை அகலப்படுத்திய நட்டில் பழைய ஈ தந்தி பின்னர் தளர்வாக உட்காரும் என்பதால், திரும்பிவர நினைத்தால் நட்டை மாற்றவேண்டியிருக்கும். ஜி தந்தியை இழப்பதுதான் பெரிய விலை. டி சுரம் மட்டும் அவ்வப்போது தேவையென்றால், ஈ தந்தியை நெம்புகோலால் டி-க்கு இறக்கும் முடுக்கியே போதுமானது.

பழைய பேஸ் வாங்கினால் எதைப் பார்க்கவேண்டும்?

பி தந்தியைச் சோதிக்கும் முறை மேலே சொன்னதுதான். கூடுதலாக, ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே அவரைக்கொண்டு திருப்பச் சொல்லிப் பாருங்கள். முழுதாக இறுகிப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கி ஃபிரெட்போர்டின் இரு ஓரங்களையும் கண்ணால் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரேமாதிரி வளையாமல் ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் அது முறுக்கு. அதைச் சரிசெய்வது எளிதல்ல. பேட்டரி அறையைத் திறந்து துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பேஸில் பி தந்தி மட்டும் மந்தமாக இருக்கிறது. இது பேஸின் குறையா, தந்தியின் குறையா?

முதலில் தந்தியைச் சந்தேகியுங்கள். ஐந்தில் முதலில் செத்துப்போவது பி-தான். நான் வாங்கிய ஒரு பேஸில் பி தந்தி அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒலித்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தபோது தந்தியைக் கழற்றிப் பார்த்தேன்: முடுக்கியில் சுற்றும்போது முறுக்கிக்கொண்டு கட்டப்பட்டிருந்தது, விட்டதும் மேசைமேல் இரண்டு சுற்றுத் தானாகப் புரண்டது. முறுக்கில்லாமல் புதிய 0.130 தந்தியைக் கட்டி, நட்டிலும் பிரிட்ஜிலும் அது வளையும் இடத்தை விரலால் மெல்ல அழுத்திப் படியவைத்ததும், அதே பேஸ் வேறு குரலில் பேசியது. இன்றும் என்னிடம் இருக்கிறது.

புதிய தந்தியிலும் மந்தமாகவே இருந்தால், நட்டைத் தாண்டித் தந்தி முடுக்கிக்குப் போதிய சாய்வோடு இறங்குகிறதா என்று பாருங்கள். சாய்வில்லாத தந்தி நட்டில் அழுந்தாமல் நடுங்கும். அடுத்து, கழுத்துப் போல்ட்டுகளின் இறுக்கம். இவை எல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லையென்றால் அது பேஸின் இயல்பு, திருப்பிக் கொடுக்கலாம்.

ட்யூனரில் சரியாக வைக்கிறேன். ஆனாலும் வாசிக்கும்போது பி தந்தி சுருதி விலகிக் கேட்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள் சேர்ந்தோ தனித்தோ இருக்கலாம். பலமாக மீட்டும்போது தடித்த, தளர்ந்த தந்தியின் சுருதி தொடக்கத்தில் மேலே ஏறி, பிறகு இறங்கும். நீங்கள் மென்மையாக மீட்டி ட்யூன் செய்து, பலமாக வாசித்தால் எப்போதும் ஷார்ப்பாகவே கேட்கும். வாசிக்கும் பலத்திலேயே மீட்டி ட்யூன் செய்யுங்கள். சில ட்யூனர்கள் 31 ஹெர்ட்ஸைப் பிடிக்கத் தடுமாறும் என்பதால், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை வைத்துப் பார்ப்பது நம்பகமானது.

இரண்டாவது, இன்டோனேஷன்: பிரிட்ஜில் பி தந்தி அமரும் சேடில் மற்றவற்றைவிடப் பின்னால் இருக்கவேண்டும், சில பிரிட்ஜ்களில் அதற்கு இடம் போதாமல் ஸ்பிரிங்கை வெட்டவேண்டிவரும். மூன்றாவது பலரும் கவனிக்காதது. பிக்கப் மிக உயரமாக இருந்தால் அதன் காந்தம் தந்தியை இழுத்து, ஒரே சுரத்துக்குள் அலையடிப்பதுபோன்ற ஒலியை உண்டாக்கும். பி தந்திப் பக்கம் பிக்கப்பை இரண்டு சுற்று இறக்கிப் பாருங்கள்.

பி தந்தி தானாகவே முனகிக்கொண்டிருக்கிறது. இது மோசமான கருவியா?

இல்லை, அது வலது கையின் வேலை. நான்கு தந்தியில் பிக்கப்மேல் ஊன்றி நின்ற கட்டைவிரல், இங்கே பி தந்தியின்மேல் படுத்திருக்கவேண்டும். ஏ தந்தியை வாசிக்கும்போது கட்டைவிரல் பி-யையும் ஈ-யையும் சேர்த்துத் தொட்டபடி கூடவே நகரும். இதற்குச் சில வாரப் பழக்கம் தேவை. அந்த வாரங்களில் கருவியை மாற்றும் முடிவை எடுக்காதீர்கள்.

இரண்டு பேஸ்களில் வந்து நிற்கிறேன். ஒன்றில் பி தந்தி அருமை, ஆனால் 19 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கழுத்து கைக்குப் பெரிதாக இருக்கிறது. இன்னொன்று கைக்கு அப்படியே பொருந்துகிறது, பி தந்தி சுமார். எதை எடுப்பது?

இரண்டாவதன் பி தந்தியைப் புதிதாக மாற்றித் தரமுடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முன்பு சொன்ன காரணங்களால் அந்தச் ‘சுமார்’ தந்தியின் வயதாக மட்டும் இருக்கலாம். மாற்றியபின் தெளிவு வந்தால் அதை எடுங்கள். தந்தியை மாற்றலாம், நட்டை மாற்றலாம், பிக்கப்பையும் மாற்றலாம். கழுத்தின் அகலத்தை மாற்றமுடியாது.

மாற்றியும் தெளிவு வராவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு, மூன்றாவது ஒன்றுக்காகக் காத்திருங்கள். நடுவில் ஒரு நிகழ்ச்சி வந்தால் நான்கு தந்தியிலேயே வாசித்துவிட்டு வாருங்கள்.